தேவகிரிக் கோட்டையும் ஒரு குளத்து நீரும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

கழகம் கடந்து வந்த பாதையைச் செயலாளர் அவர்கள் தம் அறிக்கையில் செவ்வனே எடுத்துரைத்து விட்டார்கள். எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு 'கல்விச் சுற்றுலா' என்பது. வெள்ளி விழாவையொட்டி மராட்டிய மாநிலத்தின் தௌலதாபாத் கோட்டைக்கும் அதன் சுற்றுப்புறத்திற்கும் நம் கழகத்தின் சார்பில் சென்று வந்த குழுவினராகிய நாங்கள், கண்டவற்றையும் கண்டபின் கருதியவற்றையும் உங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

சுற்றுலா என்றால் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உண்டு. நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை அவ்வாறு எளிதாகச் சொல்லிவிட இயலாது. நம் பாட்டன்மார் பயணமே செய்யாதவர்கள் அல்லர். கோலார் தங்கச் சுரங்கத்திற்குச் சென்றார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்து சென்றார்கள். ஆனால் அவை யாவும் வயிற்றுக்காகச் சென்ற பயணங்கள். கண்ணுக்காகவும் கருத்துக்காகவும் ஊர் காணச் செல்வது அவர்களுக்கு வாய்க்கவில்லை. கையில் பொருள் இருந்தாலும், சென்ற இடத்தில் தங்க இடம் கிடைக்குமா, தாகத்திற்குத் தண்ணீர் கிடைக்குமா என்ற அச்சம் இருந்தது. அவ்வச்சம் வெறும் கற்பனையன்று என்பதற்குத் தௌலதாபாத் கோட்டை வாயிலே சான்று. அதனாலேயே நாட்டில் எத்தனையோ கோட்டைகள் இருக்க, இக்கோட்டையை நாங்கள் தேர்ந்தெடுத்தோம்.

கோட்டையின் அமைப்பு

மன்மாடு சந்திப்பிலிருந்து கிழக்கே செல்லும் இருப்புப் பாதையில் ஔரங்காபாத் நகரம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு முதல் அதற்குச் சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர். பழைய பெயரே நூல்களில் பயில்வதால் இவ்வுரையில் அப்பெயரையே வழங்குகிறோம். அந்நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், சமவெளியின் நடுவே கூம்பு போல் எழுந்து நிற்கிறது ஒரு கருங்குன்று. அதன் உயரம் ஏறத்தாழ 600 அடி. யாதவ மன்னர்கள் அதனைத் தேவகிரி என்று அழைத்தனர்.

இக்கோட்டையை அமைத்தோர் மதிலை மட்டும் நம்பவில்லை. மலையையே மதிலாக மாற்றினர். குன்றின் அடிப்பகுதியைச் சுற்றிலும் நூறடிக்கு மேற்பட்ட உயரத்திற்குச் செங்குத்தாகச் செதுக்கி, கால் வைக்கவும் கை பற்றவும் இடமில்லாத சுவராக்கினர். அச்சுவரின் அடியில் பாறையிலேயே ஆழமான அகழியை வெட்டினர். வெளியே மூன்று சுற்று மதில்கள் எழுந்தன. வாயில்கள் ஒன்றற்கொன்று நேராக அமையவில்லை; பகைவர் படை விரைந்து உட்புக இயலாதவாறு வழி வளைந்து வளைந்து செல்கிறது. யானை முட்டித் திறக்காதிருக்கக் கதவுகளில் கூரிய இரும்பு முள்கள் பதித்திருக்கின்றனர். அகழியைக் கடக்க ஒடுங்கிய பாலம் ஒன்றே வழி. அதனைக் கடந்தால் 'அந்தேரி' எனப்படும் சுரங்கவழி. அந்தேரி என்றால் இருட்டு. பாறையைக் குடைந்து ஏறிச் செல்லும் அவ்வழியில், பகலிலும் முன்னே செல்பவர் பின்னே வருபவருக்குத் தெரிவதில்லை. எங்களுடன் வந்த மாணவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றியபடியே மேலேறினர்.

வழியில் செந்நிறத் தூணாக நிற்பது சாந்து மினார். பதினைந்தாம் நூற்றாண்டில் பாமினி சுல்தான் எழுப்பிய இத்தூண் ஏறத்தாழ 210 அடி உயரம் உடையது. நீல ஓடுகள் சில எஞ்சியிருக்கும் சீனி மகாலில், கோல்கொண்டாவின் கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானாஷாவை ஔரங்கசீப் சிறை வைத்திருந்தார். ஆட்டுக்கடாவின் தலை செதுக்கப்பெற்ற பெரும் பீரங்கி ஒன்றும் உண்டு. உச்சியில் முகலாயர் காலத்து மண்டபம். அங்கு நின்று நோக்கினால் சுற்றுவட்டாரம் முழுதும் உள்ளங்கையில் விரிந்தது போல் தோன்றும்.

வெல்லற்கரிய கோட்டை வீழ்ந்த வரலாறு

இத்துணை வலிய கோட்டை எவ்வாறு பிறர் கைப்பட்டது? பீரங்கியால் அன்று. 1296-இல் அலாவுதீன் கில்ஜி படையெடுத்து வந்தபோது யாதவப் பெரும்படை வெளியே சென்றிருந்தது. மன்னர் இராமச்சந்திரர் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார். முற்றுகை நீடித்தால் தாங்குவதற்குத் தானிய மூட்டைகளை உள்ளே ஏற்றியிருந்தனர். பின்னர் அவிழ்த்துப் பார்த்தபோது அவற்றில் பல உப்பு மூட்டைகளாக இருந்தன என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். மன்னர் பணிய நேர்ந்தது.

இளைஞர்களே, இக்கதையை நம் கழகத்தின் பொறுப்பாளர்கள் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். சுவர் எவ்வளவு உயர்ந்தது என்பது மட்டும் வலிமையன்று. உள்ளே இருக்கும் மூட்டையில் என்ன இருக்கிறது என்று அவிழ்த்துப் பார்ப்பதும் வலிமை. பெயரளவில் இருக்கும் விடுதி, புத்தகம் இல்லாத நூலகம், ஆசிரியர் வாராத மாலை வகுப்பு ஆகியவை உப்பு மூட்டைகளே. நெருக்கடி வரும் நாளில்தான் அவை தம் உண்மையைக் காட்டும்.

1327-இல் முகமது பின் துக்ளக் டெல்லியிலிருந்து தலைநகரை இங்கு மாற்றித் தௌலதாபாத், அதாவது செல்வ நகர், என்று பெயரிட்டார். சில ஆண்டுகளில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 'துக்ளக் தர்பார்' என்று நம் மக்கள் நாவில் இன்றும் வழங்கும் தொடருக்கு இம்மலையும் ஒரு காரணம். ஆணை பிறப்பித்தவர் பெயர் நிலைத்தது. ஆணைக்குப் பணிந்து நெடுவழி நடந்தவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. பாமினியர், நிசாம் சாகியர், முகலாயர், பின்னர் ஐதராபாத் நிசாம் என்று ஆட்சிகள் மாறின. கோட்டை கைமாறியதே தவிர, ஊருக்குள் எவர் எந்தக் குளத்தில் நீர் எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு மாறவில்லை.

குளக்கரையில் நிகழ்ந்தது

1934-ஆம் ஆண்டளவில், டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கரும் ஒடுக்கப்பட்டோர் இயக்கத்தில் அவருடன் உழைத்த தோழர்களும் ஏறத்தாழ முப்பது பேர் சுற்றுலாப் புறப்பட்டனர். வேருள், அதாவது எல்லோரா, குகைகளைக் காண்பது நோக்கம். நாசிக்கிலிருந்து பேருந்துகளிலும் மோட்டார் வண்டிகளிலும் இயோலா வழியாக வந்தனர். பயணத் திட்டத்தை அவர்கள் வெளியே அறிவிக்கவில்லை. நாட்டின் உட்பகுதிகளில் தீண்டப்படாத பயணிகளுக்கு நேரும் இடையூறுகளைத் தவிர்க்கவே அவ்வாறு செய்தனர். வட்டமேசை மாநாட்டில் பேரரசின் அமைச்சர்களுக்கு எதிரே அமர்ந்து வாதாடி வந்தவர், தம் சொந்த நாட்டில் ஒரு கோட்டையைக் காண மறைவாகச் செல்ல வேண்டியிருந்தது என்பதைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.

தௌலதாபாத்தில் நம்மவர்கள் சிலருக்கு மட்டும் செய்தி தெரிந்திருந்தது. ஊர் எல்லையில் காத்திருந்து தேநீர் அருந்த அழைத்தனர். பொழுது சாயுமுன் கோட்டையைப் பார்த்துவிட வேண்டும் என்பதால், திரும்பி வந்து அருந்துவதாகச் சொல்லிவிட்டுக் குழுவினர் சென்றனர். கோட்டை வாயிலுக்கு வெளியே நீர் நிறைந்த சிறு குளம் ஒன்று இருந்தது. சுற்றிலும் அகன்ற கல்தளம். வழியெல்லாம் படிந்த புழுதியைப் போக்கச் சிலர் அந்நீரில் முகமும் காலும் கழுவினர். பின்னர் வாயிலுக்குச் சென்றனர். காவலர் கதவைத் திறந்தனர். உள்ளே செல்ல அனுமதி பெறுவது எவ்வாறு என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, தீண்டப்படாதவர் குளத்தைத் தீட்டாக்கிவிட்டனர் என்று கூவியபடி முதியவர் ஒருவர் பின்னால் வந்தார். கூட்டம் திரண்டது, வசைமொழி பொழிந்தது. வெளியூரார் என்று இவர்கள் கூறியபோது, கூட்டத்தின் சினம் உள்ளூர் நம்மவர்மேல் திரும்பியது. குளத்தில் கைவைத்தபோது அங்கு இல்லவே இல்லாத அவ்வேழைகள், ஏன் முன்னரே சொல்லித் தடுக்கவில்லை என்று ஏச்சுக்கு ஆளாயினர். கொலையும் நேர்ந்திருக்கக் கூடும் என்ற நிலை.

அவரவர் தத்தம் சமயத்தின்படி நடக்க வேண்டும் என்று ஓர் இளைஞர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பொறுமையிழந்த அம்பேத்கர், உங்கள் சமயம் இதைத்தான் கற்பிக்கிறதா, தீண்டப்படாத ஒருவர் முஸ்லிமாக மாறிவிட்டால் இக்குளத்து நீரை எடுப்பதைத் தடுப்பீர்களா என்று நேருக்கு நேர் வினவினார். கூட்டம் வாயடைத்தது. பிறகு காவலரிடம், உள்ளே விடுவீர்களா, மாட்டீர்களா என்று கேட்டார். காவலர் பெயர் கேட்க, அவர் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். தாள் உள்ளே சென்றது. விடை வெளியே வந்தது. கோட்டைக்குள் செல்லலாம், ஆனால் உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது. அவ்வாணை மீறப்படாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய வீரர் ஒருவரும் உடன் அனுப்பப்பட்டார்.

இந்நிகழ்ச்சியை அவரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' எனும் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அதனைப் படிப்பவர் ஒரு சமயத்தார் மீது பழி சுமத்துவதற்குப் பயன்படுத்துவாராயின், அவர் அந்நூலை முழுதும் படிக்கவில்லை என்றே பொருள். சிறுவனாகக் கோரேகானுக்குச் சென்ற பயணத்தில் இந்து வண்டிக்காரரிடமும், பரோடாவில் பார்சி விடுதியிலும் தாம் பட்ட துன்பத்தையும் அதே ஏட்டில் அவர் எழுதுகிறார். சாதி என்ற நஞ்சு தோன்றிய இடத்தோடு நில்லாமல், தொட்ட இடமெல்லாம் பரவியது என்பதே அவர் நிலைநாட்ட விரும்பிய உண்மை.

அடுத்த ஆண்டு, 1935 அக்டோபர் 13 அன்று, அப்பயணத்தில் அவர்கள் கடந்து வந்த அதே இயோலாவில், இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாக இறக்கமாட்டேன் என்ற தம் முடிவை அவர் அறிவித்தார். கோட்டை வாயில் ஒன்றே அதற்குக் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. 1927-இல் மகத் நகரின் சௌதார் குளத்து நீரை ஆயிரக்கணக்கான மக்களுடன் சென்று அள்ளிப் பருகியவர் அவர். தண்ணீருக்கான போராட்டம் அவர் வாழ்வில் நெடியது. நம் பக்கத்திலும் 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் பொது வழிகளும் பொதுக் கிணறுகளும் அனைவருக்கும் உரியன என்று தீர்மானம் கொணர்ந்து நிறைவேறச் செய்தார். அப்படியிருந்தும் ஊர்க் கிணறு உடனே திறந்துவிடவில்லை என்பதை இங்கு அமர்ந்திருக்கும் பெரியவர்கள் அறிவார்கள்.

இனி ஒரு செய்தியைக் கூர்ந்து கேளுங்கள். 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆம் உறுப்பு, அரசுப் பணத்தால் பேணப்படும் அல்லது பொதுமக்கள் பயனுக்கென விடப்பட்ட கிணறு, குளம், நீராடு துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்தச் சாதி, சமயம் முதலியவற்றைக் காட்டி எந்தக் குடிமகனையும் தடுக்கக்கூடாது என்கிறது. குளம் என்ற சொல் அங்கே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. 17-ஆம் உறுப்பு தீண்டாமையையே ஒழிக்கிறது. அச்சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர், பதினாறு ஆண்டுகளுக்கு முன் தௌலதாபாத் வாயிலில், தண்ணீரைத் தொடாதே என்ற கட்டளையோடு உள்ளே அனுமதிக்கப்பட்டவர். சட்டநூலில் வறண்ட சொற்களாகத் தோன்றுபவை எத்தகைய தாகத்திலிருந்து பிறந்தன என்பதை அக்கோட்டை வாயிலில் நின்றபோது நாங்கள் உணர்ந்தோம். இன்று நாங்கள் எல்லோரையும் போல் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே சென்றோம். எங்கள் பெயரை எவரும் கேட்கவில்லை.

அடிமை கொணர்ந்த நீர்

கோட்டையிலிருந்து எல்லோரா செல்லும் வழியில் குல்தாபாத் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1707-இல் மறைந்த ஔரங்கசீப்பின் எளிய கல்லறை அங்குள்ளது. அதைக் கண்டு திரும்பிவிடுவோர் பலர். அவ்வூரிலேயே மற்றொருவரும் உறங்குகிறார். அவர் மாலிக் அம்பர். எத்தியோப்பியாவில் பிறந்து, இளம்பருவத்தில் அடிமையாக விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறித் தக்காணம் வந்து சேர்ந்தவர். தம் அறிவாலும் ஆற்றலாலும் அகமதுநகர் அரசின் தலைமை அமைச்சராக உயர்ந்தார். சகாங்கீர் பேரரசரின் படைகளை ஆண்டுக்கணக்கில் திணற வைத்தார். 1626-இல் மறையும் வரை தௌலதாபாத் வட்டாரம் அவர் ஆட்சித் திறனுக்குக் கட்டுப்பட்டிருந்தது.

1610-இல் அவர் கட்கி என்ற இடத்தில் அமைத்த நகரமே பின்னாளில் ஔரங்காபாத் ஆயிற்று. நகருக்கு முதலில் வேண்டியது தண்ணீர் என்பதை அவர் அறிந்திருந்தார். மண்ணுக்கடியில் ஓடும் ஊற்று நீரைக் கால்வாய் வழியாகவும் குழாய் வழியாகவும் நகருக்குக் கொணர்ந்தார். அவர் பெயரால் 'நகர்-ஏ-அம்பரி' என்று அக்கால்வாய் வழங்கப்படுகிறது. சந்தையில் விலை கூறி விற்கப்பட்ட ஒருவர், ஒரு நகரத்திற்கே தாகம் தீர்த்தார். அந்நகரின் அருகில், மூன்று நூற்றாண்டுக்குப் பின், உலகப் பல்கலைக்கழகங்களில் பயின்று பட்டங்கள் பெற்ற ஒருவரின் குழுவினர் கை நனைத்ததால் நீர் கெட்டுவிட்டது என்று கூச்சல் எழுந்தது. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்பது எத்துணைப் பேதைமை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எல்லோராவின் ஐந்தாம் குகை

தௌலதாபாத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் எல்லோரா. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதைச் செல்வோர் நினைவில் கொள்க. ஒரே மலைச்சரிவில் 34 குடைவரைகள் வரிசையாக உள்ளன. முதல் பன்னிரண்டும் பௌத்தம்; 13 முதல் 29 வரை வைதிக சமயம்; எஞ்சிய ஐந்தும் சமணம். 1983-இல் யுனெஸ்கோ நிறுவனம் இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

பயணிகள் பெரும்பாலோர் நேரே பதினாறாம் எண்ணுக்கு விரைகின்றனர். அதுவே கயிலாசநாதர் கோயில். இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருட்டிணன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், மலையை மேலிருந்து கீழாக வெட்டிச் செதுக்கிய ஒற்றைக்கல் தளி. இரண்டு லட்சம் டன் அளவில் பாறை அகற்றப்பட்டிருக்கும் என்று மதிப்பிடுவர். காணக் கண் கோடி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனைக் காண்பவர் மன்னன் பெயரோடு நின்றுவிடலாகாது. அத்துணைக் கல்லையும் கூடையில் சுமந்து வெளியே கொட்டிய தலைகள் யாருடையவை என்றும் கேட்க வேண்டும். தப்பாக ஓர் அடி உளி இறங்கியிருந்தால் திருத்த வழியில்லை என்று தெரிந்தும் உளி பிடித்த கைகளுக்கு இருந்த நுட்பம், ஏட்டுக் கல்விக்கு எவ்வகையில் குறைந்தது?

நாங்கள் நெடுநேரம் தங்கியது ஐந்தாம் குகையில். நூற்றடிக்கு மேல் நீண்ட பெருங்கூடம். இருபுறமும் தூண் வரிசை. பக்கங்களில் துறவியர் தங்கும் சிற்றறைகள். நடுவில் தரையோடு தரையாகப் பாறையில் வெட்டிய இரண்டு நீண்ட கல்மேடைகள், ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி ஓடுகின்றன. பிக்குகள் வரிசையாக அமர்ந்து உண்பதற்கோ ஓதுவதற்கோ அவை அமைந்திருக்கலாம் என்பர் அறிஞர். ஒருவருக்கு உயர்ந்த ஆசனம், மற்றொருவருக்குத் தாழ்ந்த ஆசனம் என்ற வேறுபாடு அம்மேடையில் இல்லை. எல்லார்க்கும் ஒரே உயரம்.

இக்குகைக்கு வழங்கும் பெயர் என்ன தெரியுமா? மகர்வாடா. மகர் என்பது அம்பேத்கர் பிறந்த சமுதாயம். வாடா என்றால் குடியிருப்பு. நம் ஊர் வழக்கில் சேரி. மழைக்காலத்தில் அவ்வட்டார மகர் மக்கள் இங்கு ஒதுங்கித் தங்கியதால் அப்பெயர் வந்ததென்று கூறுவர். புத்தரின் சங்கத்தார் சமமாக அமர்ந்த கூடம் கைவிடப்பட்டது. ஊரில் இடம் மறுக்கப்பட்டவர்களுக்கு அதுவே புகலிடமாயிற்று. தெரிந்தோ தெரியாமலோ, நம்மவர்கள் தமக்குரிய இல்லத்திற்கே திரும்பியிருந்தனர் என்று எங்கள் குழுவில் ஒரு மாணவி கூறினார். அதன்பின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் பல லட்சம் மக்களுடன் பௌத்தம் தழுவியதை அறிந்தவர்களுக்கு அவ்வமைதியின் பொருள் விளங்கும்.

பத்தாம் குகை சைத்தியம். புத்தர் அமர்ந்திருக்கும் வழிபாட்டுக் கூடம். மரச் சட்டங்களைப் போலவே கல்லில் விலா எடுத்த கூரை. உள்ளூரார் அதனைத் தச்சன் குடில் என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். உழைப்பாளியின் தொழிலே கோயிலுக்குப் பெயராயிற்று என்பது நமக்கு உவப்பான செய்தி. பன்னிரண்டாம் குகை மூன்றடுக்கு மாளிகை.

ஔரங்காபாத் நகரில் ஔரங்கசீப்பின் மனைவி தில்ரஸ் பானுவின் நினைவகமான பீபி கா மக்பராவும், நீர் விழும் விசையால் மாவரைக்கும் கல் சுழன்ற பன்சக்கியும் காணத் தக்கவை. அசந்தா ஓவியக் குகைகள் நகரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அவற்றுக்குத் தனியே ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அவற்றைப் பற்றி நூல்கள் பல உள. எனவே நாங்கள் இங்கு விரிக்கவில்லை.

நாகசேனவனம்

கோட்டையையும் குகைகளையும் கண்டவர்கள் அத்துடன் திரும்பிவிட்டால், பயணத்தின் பாதியையே கண்டவராவர். மறுபாதி ஔரங்காபாத்திலுள்ள நாகசேனவனம்.

1948-இல் நிசாம் ஆட்சி முடிவுற்றது. இரண்டே ஆண்டுகளில், 1950-இல், அம்பேத்கர் தாம் 1945-இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தின் சார்பில் ஔரங்காபாத்தில் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். அதுவே மிலிந்த் கல்லூரி. மிலிந்தர் என்பவர் கிரேக்க மரபில் வந்த அரசர். நாகசேனர் என்னும் பௌத்தத் துறவியிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு, விடை கண்டு தெளிந்தவர். கல்லூரிக்குக் கேட்டவர் பெயர். வளாகத்திற்கு விடையளித்தவர் பெயர். வினாவும் விடையும் கூடும் இடமே கல்விச்சாலை என்பதைப் பெயரிலேயே அமைத்துவிட்டார்.

தம் தோழர்களைத் தண்ணீர் தொடவிடாத ஊருக்கு அருகிலேயே அவர் கல்லூரி கண்டார். மராத்வாடாவின் சிற்றூர்களிலிருந்து, தலைமுறையில் முதன்முறையாக எழுத்தறிந்த மாணவர்கள் அங்கு வந்து விடுதியில் தங்கிப் பயின்றனர். அம்மண்ணிலிருந்தே மராத்தியத் தலித் இலக்கியத்தின் முன்னோடிகள் பலர் எழுந்தனர். 1960-களின் இறுதியில் கங்காதர் பான்தாவ்ணே ஆசிரியராக நடத்தத் தொடங்கிய 'அஸ்மிதாதர்ஷ்' இதழ் அந்நகரிலிருந்து வெளிவந்து, அவ்விலக்கியத்திற்கு மேடையாயிற்று. ஒரு கல்லூரி பட்டதாரிகளை மட்டும் உருவாக்குவதில்லை. பேச்சற்றிருந்தோர்க்குப் பேச்சையும் தருகிறது.

ஆயினும் பாதை மலர்ப் பாதையன்று. 1958-இல் தோன்றிய மராத்வாடாப் பல்கலைக்கழகத்திற்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட 1978 சூலை 27 அன்று மராட்டிய சட்டமன்றம் தீர்மானித்தது. அதற்கு எதிராகச் சிற்றூர்களில் வன்முறை வெடித்தது. தலித் மக்களின் குடிசைகள் எரிந்தன; உயிர்கள் பலியாயின. ஒரு பெயருக்காகப் பதினாறு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1994 சனவரி 14 அன்றுதான் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடாப் பல்கலைக்கழகம் என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் திரளாக வந்து பல்கலைக்கழக வாயிலில் வணக்கம் செலுத்துகின்றனர். கோட்டை வாயிலில் துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த அதே பெயர், இன்று ஒரு பல்கலைக்கழகத்தின் பெயராக நிற்கிறது.

இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புவது

பயணம் செய்யுங்கள். ஆனால் கண்ணை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். கேள்வியையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு கோட்டையைக் கண்டால், ஆண்டவன் யார் என்று கேட்பதோடு அமையாது, அகழி வெட்டியவன் யார், அதற்கு நீர் இறைத்தவன் யார், உள்ளே விடப்படாதவன் யார் என்றும் கேளுங்கள். கோயிலைக் கண்டால் கல் சுமந்தவரை நினையுங்கள். வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். அவர் சொல்லாமல் விட்டதை நூலகத்தில் தேடுங்கள். புறப்படுமுன் படித்துச் செல்லுங்கள்; திரும்பி வந்து எழுதி வையுங்கள். நம் முன்னோர் பலர் எழுதி வைக்க இயலாமல் போனதால்தான், அவர்கள் வாழ்வைப் பிறர் எழுதிய ஏட்டின் ஓரங்களில் இன்று நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நம் கழகத்திற்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பத்து மாணவரையாவது, அவருள் சரிபாதி மாணவியராக, இத்தகைய பயணத்திற்கு அனுப்புவதை நிலையான திட்டமாக்க வேண்டும். பெற்றோரால் செலவு ஏற்க இயலாத பிள்ளைகளுக்கு முதலிடம் தருதல் வேண்டும். விடுதிக்குக் கட்டில் வாங்குவதைப் போலவே இதுவும் கல்விச் செலவே என்று பொதுக்குழு கருத வேண்டும்.

இறுதியாக ஒன்று. நம் ஊர்களிலும் இன்னும் திறவாத வாயில்களும் தொடவிடாத நீரும் இருக்கின்றன. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை நாடறியும். ஆகவே சட்டம் வந்துவிட்டது, நம் வேலை முடிந்தது என்று எவரும் உறங்கிவிடலாகாது. தேவகிரியின் செங்குத்துச் சுவரை ஏறி எவரும் வெல்லவில்லை என்பர். நமக்கு எதிரே நிற்கும் சுவரும் அத்தகையதே. அதற்குள் செல்லும் வழி இருட்டாக இருக்கலாம். ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டால் ஏறிவிடலாம். முன்னே செல்பவர் கையில் கல்வி என்னும் விளக்கு இருக்கட்டும். பின்னே வருபவரை அவர் மறவாதிருக்கட்டும்.

இக்கழகம் பொன் விழாவும் நூற்றாண்டு விழாவும் காண வேண்டும் என்று வாழ்த்துகின்றோம்.